தொடாமல் விட்ட வகுப்பு

அத்தியாயம் பதினான்கு

ஆசிரியர்கள் நிறைந்த அரங்கில் அக்கா மாதிரி வகுப்பு நடத்தியதையும், அது முடிந்ததும் முன்வரிசையிலிருந்த தங்கை எல்லோருக்கும் முன்பாகக் கைதட்டத் தொடங்கியதையும் சென்ற வாரம் பார்த்தோம். ஒரு மாதம் கடந்தும் அந்த ஓசை அக்காவின் காதை விட்டு நீங்கவில்லை. துணிக்கு இஸ்திரி போடும்போதும், பேருந்துக்காகக் காத்து நிற்கும்போதும், அவள் உதட்டோரம் காரணமின்றி ஒரு சிரிப்பு வந்து போனது.

அன்று அவள் நடத்திய பாடம் இதுதான்: நோய்க்கிருமிகளிடம் ஒரு மருந்து நாளடைவில் ஏன் பலிக்காமல் போகிறது? அக்கா அதற்கு ஓர் உவமை வைத்திருந்தாள். பச்சைத் தண்ணீரில் குளிப்பவன் முதல் நாள் நடுங்குவான், போகப் போகப் பாட்டுப் பாடுவான். கிருமியும் அப்படித்தான்; மருந்தில் முழுகி முழுகி அதற்குப் பழகிவிடுகிறது. ஒருமுறை கேட்ட மாணவர் மறக்கமாட்டார். பல ஆண்டுகளாக அவளுக்குக் கைகொடுத்து வந்த உவமை.

இன்று அவளுக்கு இன்னொரு மேடை காத்திருந்தது. உயிரியலை மாணவர்கள் எவ்வாறு கற்கிறார்கள், எங்கே இடறுகிறார்கள் என்பதை ஆராயும் துறையில் தங்கை பணியாற்றுகிறாள். புதிதாகச் சேர்ந்த இளம் ஆய்வாளர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு முதன்முறையாக அவளிடம் வந்திருந்தது. பிற்பகல் அமர்வில், வகுப்பறையை உள்ளிருந்து அறிந்த ஓர் ஆசிரியை வந்து பேசினால் நன்றாக இருக்கும் என்றார்கள். தங்கை அக்காவை அழைத்தாள்.

“பேச்சாளர் அவர்களே, மூக்குக்கண்ணாடி எடுத்தாச்சா?” என்றார் அக்காவின் கணவர். வீட்டின் கீழ்த்தளத்தில் மருந்துக்கடை நடத்துகிறவர் அவர்.

“பையில இருக்கு.”

“தண்ணி பாட்டில்?”

“அங்க குடுப்பாங்க. நான் என்ன பாலைவனத்துக்கா போறேன்?”

“படிச்சவங்க கூட்டம் டீச்சர். எதுக்கும் உஷாரா இரு.”

“என் தங்கச்சி இருக்கிற இடம். எனக்கென்ன உஷார்?”

தங்கையின் படிப்புக்காகத் தன் மேற்படிப்பைத் தள்ளிப்போட்டு, மீண்டும் தள்ளிப்போட்டு, பிறகு அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டவள் அக்கா. ஆகவே அந்தப் பதிலில் கொஞ்சம் கர்வமும் கலந்திருந்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

அன்று பள்ளியில் தண்ணீர் மோட்டார் பழுதாகி, பிள்ளைகளை முற்பகலிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சும்மா இருப்பானேன், தங்கை பாடம் நடத்துவதையும் ஒருமுறை பார்ப்போமே என்று அக்கா நேரே கிளம்பிவிட்டாள்.

*

பயிற்சி அறையில் திரை இறக்கப்பட்டிருந்தது. நீள மேசையைச் சுற்றி ஆறு புதியவர்கள். ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு, தங்கையின் ஆய்வு நெறியாளர்.

இந்தத் துறையில் நுழைபவர் முதலில் பழக வேண்டியது கேட்பதற்கு. வகுப்பறைப் பதிவொன்றை ஓட்டுவார்கள். பேசப்படும் ஒவ்வொரு விளக்கமும் எந்த வகையைச் சேர்ந்தது என்று ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவு செய்து, அவ்வகைக்குரிய எண்ணைக் குறிக்க வேண்டும். பக்கத்திலிருப்பவரைப் பார்க்கக் கூடாது. பிறகு ஒப்பிடுவார்கள். எல்லோருடைய எண்ணும் ஒன்றாக வரும்வரை பயிற்சி தொடரும். செவிகள் பல, தீர்ப்பு ஒன்று என்ற நிலைக்கு வந்தால்தான் அவர்களை நம்பி ஆய்வை ஒப்படைக்க முடியும்.

எந்தப் பதிவைப் போடுவது என்று முந்தின நாள் தங்கை தயங்கியபோது நெறியாளர்தான் சொன்னார். “அந்தப் பச்சைத் தண்ணி கிளிப்பையே போடும்மா. யாருக்கும் குழப்பம் வராது. முதல் நாள் நம்பிக்கை வரணும் இல்லையா?”

முகம் மறைக்கப்பட்டிருந்தது. குரலும் மாற்றப்பட்டுத் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலித்தது. விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது.

பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது பின்கதவு ஓசையின்றித் திறந்தது. திரையின் வெளிச்சம் பட்டு, உள்ளே வந்தவளின் முகம் தெரிந்தது. பிற்பகலில் வர வேண்டிய அக்கா. கடைசி நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள்.

தங்கையின் விரல் கணினியின் மேல்தான் இருந்தது. ஒரே ஓர் அழுத்தம் போதும், பதிவு நின்றிருக்கும். மின்தடை என்று சொல்லியிருக்கலாம், தேநீர் இடைவேளை என்று சொல்லியிருக்கலாம். நெறியாளர் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவள் உணர்ந்தாள். விரல் அசையவில்லை.

“...முதல் நாள் நடுங்குவான். அப்புறம்?” என்றது தகரக் குரல். “பழகிடும் டீச்சர்,” என்றது பிள்ளைகளின் கூட்டுக் குரல்.

முகத்தை மறைக்கலாம், குரலை மாற்றலாம். தான் செதுக்கிய உவமையை ஒரு மனுஷி அடையாளம் காணாமல் இருப்பாளா? திரையில் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி எழுதிய கையைப் பார்த்தாள் அக்கா. பின்பு மடியிலிருந்த தன் கையைப் பார்த்தாள்.

பதிவு நின்றது. விளக்கு எரிந்தது.

“உங்க எண்?” என்றாள் தங்கை.

“மூணு,” என்றான் கண்ணாடி போட்ட இளைஞன்.

“மூணு.” “எனக்கும் மூணுதான்.” “மூணு.”

ஆறு பேருக்கும் மூன்று. உயிர் தன் தேவைக்கேற்பத் தானே மாறிக்கொள்கிறது என்ற பிழையான விளக்கத்துக்கு உரிய எண் அது.

“முதல் பதிவுலயே ஆறுக்கு ஆறு,” என்று நெறியாளர் முகம் மலர்ந்தார். “உங்க பயிற்சியாளருக்கே இது ஆரம்பத்துல வரல. கைதட்டுங்கப்பா.”

கைதட்டினார்கள்.

“டீச்சரம்மா விட்டா கிருமிக்குச் சோப்பும் துண்டும் குடுத்துருவாங்க போல,” என்றாள் சுருட்டைமுடிக்காரப் பெண். சிரிப்பு மேசையைச் சுற்றி வந்தது. அதில் வன்மம் ஏதுமில்லை. பரீட்சையில் தேறிவிட்டவர்களின் சிரிப்பு.

பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது.

“ஒரு சந்தேகம் கேக்கலாமா மேடம்?”

அக்கா தன்னை அப்படி அழைத்துத் தங்கை கேட்டதே இல்லை. “கே... கேளுங்க.”

“இந்த டீச்சர் சொல்றது தப்புன்னா, சரியானது எது?”

வந்திருப்பவர் யார் என்று அறியாத கண்ணாடிக்காரன் உற்சாகமாகத் திரும்பினான். “எந்தக் கிருமியும் பழகறது இல்ல மேடம். கூட்டத்துல ஒண்ணு ரெண்டு தற்செயலா வேற மாதிரி ஏற்கெனவே இருக்கும். மருந்து மத்தது எல்லாத்தையும் கொன்னுடும். அந்த ஒண்ணு ரெண்டு தப்பிச்சுப் பெருகும். அதாவது, ஒரு கிருமி திருந்தி வேற கிருமியா ஆகல. கூட்டத்துல யார் மிச்சம்ங்கிறதுதான் மாறுது.”

அக்கா மெதுவாகத் தலையசைத்தாள். நல்ல மாணவி ஒருத்தி புரிந்துகொண்ட தருணத்தில் அசைக்கும் தலையசைப்பு அது.

“புரியுது தம்பி. நல்லா சொன்னீங்க. இதை அந்த டீச்சர்கிட்ட யாராவது சொன்னீங்களா?”

“ஐயோ, சொல்லக் கூடாது மேடம். அது தொடாத வகுப்பு.”

“அப்படின்னா?”

“ஒரு வகுப்பு டீச்சருக்கு நம்ம புது முறையைச் சொல்லிக் குடுப்போம். இன்னொரு வகுப்பைத் தொடாம அப்படியே விட்டுடுவோம். கடைசியில ரெண்டு வகுப்புக்கும் ஒரே பரீட்சை. ஒப்பிட்டாதானே நம்ம முறை வேலை செய்யுதான்னு தெரியும்? நடுவுல இவங்ககிட்ட சொல்லிட்டா, ஒப்பிட எதுவுமே இருக்காது.”

“எவ்வளவு காலமா தொடாம வெச்சிருக்கீங்க?”

அது அவனுக்குத் தெரியாது. தன் பயிற்சியாளரைப் பார்த்தான்.

“ரெண்டு வருஷம்,” என்றாள் தங்கை.

“ரெண்டு வருஷத்துல அந்த டீச்சர் எத்தனை பிள்ளைங்களுக்கு இதையே சொல்லியிருப்பாங்க?”

கண்ணாடிக்காரன் தன் குறிப்புத் தாளைப் பார்த்தான்.

“பரவாயில்ல. அது உங்க டேட்டாவுல வராது போல,” என்று சொல்லி, அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டாள். கதவைச் சாத்தும்போதுகூட, வகுப்பு நடக்கும் அறையின் கதவை ஆசிரியை சாத்துவதுபோல், சத்தம் வராமல் சாத்தினாள்.

*

தங்கை பின்தொடர எழுந்தாள். நெறியாளர் வழிமறித்தார்.

“யாரு அது?”

“எங்க அக்கா சார். உங்களுக்குத் தெரியுமே.”

அவருக்குத் தெரியும். ஆய்வுக்கு இடம் தராமல் பள்ளிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தியபோது, “உங்க அக்கா டீச்சர்தானே?” என்று கேட்டு வழிகாட்டியவரே அவர். அக்காவின் வீட்டுக்குச் சென்று தேநீர் குடித்து, அவள் வகுப்பைப் பதிவு செய்ய அனுமதி பெற்றுத் திரும்பியதும் அவரேதான். முதலாண்டில் ஒருநாள் தங்கை மனம் கேளாமல், ‘அந்த உவமை தப்பென்று அக்காவிடம் மட்டும் சொல்லிவிடட்டுமா’ என்று கேட்டபோது, ‘நீ ஆய்வாளரா, தங்கச்சியா, முடிவு பண்ணிக்கோ’ என்றதும் அவரேதான். அவள் முடிவு செய்தாள்.

“சொல்ல வேண்டாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க.”

“நான் பொதுவா விதியைச் சொன்னேன்மா. வீட்டு ஆளுங்களை எப்படிக் கையாளணும்ங்கிறதை உன் பொறுப்புல விட்டிருந்தேன்.”

சொல்லிவிட்டு அவர் புதியவர்கள் பக்கம் திரும்பினார். அவர் குரலில் பாடம் நடத்துபவரின் நிதானம் வந்துவிட்டிருந்தது.

“நடந்ததும் நல்லதுக்குத்தான். குறிச்சுக்கங்க. உறவுக்காரங்க வகுப்பை ஆய்வுக்கு எடுத்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு இது ஒரு நல்ல உதாரணம். பயிற்சியாளர் எந்த இடத்துல தவறினாங்க? ஒவ்வொருத்தரும் தனித்தனியா யோசிங்க. அப்புறம் ஒப்பிடுவோம்.”

ஆறு தலைகள் குனிந்தன. சுருட்டைமுடிக்காரி மட்டும் ஒருகணம் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள்; பின்பு அவளும் குனிந்து எழுதத் தொடங்கினாள்.

முகம் மறைக்கப்படாமல், குரல் மாற்றப்படாமல் அங்கே நின்றிருந்தாள் தங்கை. அக்கா அந்த அறையில் என்னவாக ஆக்கப்பட்டாளோ, அதுவாகவே இப்போது அவளும் ஆகியிருந்தாள். ஒரே வேற்றுமை, அக்காவுக்கு இதைச் செய்தது கூடப்பிறந்தவள்.

தாழ்வாரத்தில் நெறியாளர் குரலைத் தணித்துக்கொண்டார். “அடுத்த வாரம் அந்த வகுப்புக்குக் கடைசிப் பரீட்சை. அவங்க அனுமதியைத் திரும்ப வாங்கிட்டா, ரெண்டு வருஷ உழைப்பும் போச்சு. உன் பணி நீட்டிப்புக்கு நான் என்னத்தைக் காட்டுவேன்? போய்ப் பேசிச் சமாளி. அக்காதானே?”

*

மாலையில் மருந்துக்கடையில் கூட்டமில்லை. மாமா கல்லாவுக்குப் பின்னால் நின்று, ஏற்கெனவே ஒழுங்காக இருந்த மாத்திரை அட்டைகளை மறுபடியும் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“வாங்க டாக்டரம்மா,” என்றார். பட்டம் வாங்குவதற்கு முன்பிருந்தே அவர் அவளை அப்படித்தான் கேலி செய்வார். இன்று அதில் கேலி இல்லை.

“அக்கா மாடியிலயா மாமா?”

“ஆமா. ஒரு நிமிஷம் இரு. கடைக்கு வர்றவங்க, ‘ரெண்டு நாள்லயே சரியாயிடுச்சே, மிச்ச மாத்திரை எதுக்கு’ன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்வேன்?”

தங்கை தலை கவிழ்ந்தாள்.

“பச்சைத் தண்ணிக் கதை. பொண்டாட்டிகிட்ட கேட்டதை அப்படியே எடுத்து விடுவேன். நீ இதோ, இந்த ஸ்டூல்ல உக்காந்து எத்தனை தடவை கேட்டிருக்கே. சிரிப்பே. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? மச்சினிச்சிக்கு நம்ம பேச்சு பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்.”

“மாமா, நான் உங்களைப் பார்த்துச் சிரிக்கல.”

“அப்போ யாரைப் பார்த்துச் சிரிச்சே?”

அவள் படியேறினாள்.

சாப்பாட்டு மேசையின்மேல் பழைய சட்டைப் பொத்தான்கள் பரப்பிக் கிடந்தன. ஏராளமான வெள்ளை, நடுவே ஒன்றிரண்டு கறுப்பு. அக்கா வெள்ளைப் பொத்தான்களைக் கைநிறைய வாரி ஒதுக்கினாள். எஞ்சிய கறுப்புக்கு அருகில் டப்பாவிலிருந்து மேலும் கறுப்புகளை எடுத்து வைத்தாள். ஒருமுறை பார்த்தாள். கலைத்துவிட்டு, மீண்டும் முதலிலிருந்து அடுக்கினாள்.

“சாப்பிட்டியா?” என்றாள் நிமிராமலே.

“இல்ல.”

“அடுப்புல இருக்கு. போட்டுக்கோ.”

எப்போதும் அவளே பரிமாறுவாள். தங்கை அடுக்களைப் பக்கம் போகவில்லை; எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அக்கா, நீ குடுத்த அனுமதியை எப்ப வேணும்னாலும் திரும்ப வாங்கிக்கலாம். அது உன் உரிமை.”

“சொல்லணும்னு விதி இருக்கா, நீயா சொல்றியா?”

“...விதி இருக்கு.”

“நல்ல விதி.” ஒரு வெள்ளைப் பொத்தானை நகர்த்தினாள். “தப்பாச் சொன்னேன்னு எனக்கு வெட்கமில்லடி. இத்தனை வருஷம் பாடம் எடுக்கிறவ, எங்கேயாவது தப்பு விடத்தான் செய்வா. அந்தப் பையன் சொன்னதும் பளிச்சுன்னு புரிஞ்சுது. சொல்லப்போனா சந்தோஷமாக்கூட இருந்தது, எவ்வளவு அழகா இருக்கு இந்த விஷயம்னு. அப்புறம்தான் உன் மூஞ்சியைப் பார்த்தேன்.”

“சொன்னா ஆய்வே கெட்டுடும்னு பயந்துட்டேன்.”

“ஆய்வுக்குப் பயந்தே. சரி. எனக்கு ஏன் பயப்படல? அக்காவுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாளேன்னு ஒரு நாள், ஒரு ராத்திரி உனக்குத் தோணலையா?”

“தோணுச்சு.”

“தோணியுமா?”

சில கேள்விகளுக்கு ‘இல்லை’ என்று பொய் சொல்வதே கருணையாக இருக்கும். தங்கைக்கு அது பிந்தித்தான் உறைத்தது.

“அந்த அரங்கத்துல அத்தனை டீச்சருங்க உக்காந்திருந்தாங்க,” என்றாள் அக்கா. “நான் இதைச் சொல்லிக்கிட்டே உன்னைத்தான் பார்த்தேன். அவங்க எல்லாம் இப்போ அவங்கவங்க வகுப்புல போய் என் கதையைச் சொல்லிக்கிட்டிருப்பாங்க. நீ முதல் ஆளா கைதட்டினே.”

“நீ எடுத்த விதம் நல்லா இருந்தது. அதுக்குத்தான்...”

“அதுக்கு ஒரு எண் இருக்கா உங்ககிட்ட?”

கீழே யாரோ தலைவலி மாத்திரை கேட்கும் குரல் வந்தது. மாமா கதை ஏதும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தனுப்பினார்.

அக்கா பொத்தான்களைக் கூட்டி டப்பாவில் அள்ளினாள். “அனுமதி அப்படியே இருக்கட்டும். உன் ரெண்டு வருஷத்தை நான் பிடுங்கமாட்டேன். உன்னைப் படிக்க வெச்சதே நான்தான். ஆனா நாளைக்கு முதல் பீரியட் எனக்கு அந்த வகுப்புதான். இதுவரைக்கும் சொன்னது தப்பு, சரியானது இதுன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லப் போறேன். போன வருஷப் பிள்ளைங்க மேல் வகுப்புல இருக்காங்க. அவங்களையும் கூப்பிடப் போறேன்.”

தங்கைக்குக் கண் கலங்கியது. இவ்வளவு பெருந்தன்மைக்குத் தான் தகுதியற்றவள் என்று சொல்ல நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாள்; உண்மையாகவே நினைத்தாள். ஆனால் நாளைக்கும் அடுத்த வாரத்துக்கும் இடையே இருந்த நாள்களை அவள் மனம் அதற்குள் அளந்து பார்த்துவிட்டிருந்தது. நாளையே அக்கா திருத்திவிட்டால், பரீட்சைக்கு வந்து உட்காரப்போவது தொடாத வகுப்பல்ல. அனுமதி இருந்தும் ஆய்வு இருக்காது.

“அக்கா.”

“ம்.”

“பரீட்சை முடியற வரைக்கும், ஒரே ஒரு வாரம், பொறுத்துக்க முடியுமா?”

வாயை விட்டு வந்த பிறகுதான் அது தன் காதில் விழுந்தது.

அக்கா டப்பாவை மூடினாள். தங்கை மாடிக்கு வந்த பிறகு முதன்முறையாக அவளை நேருக்கு நேர் பார்த்தாள். கோபத்தைத் தேடினாள் தங்கை. கோபம் இருந்திருந்தால் அழுது காலில் விழுந்திருக்கலாம். அங்கே இருந்தது, அறிமுகமில்லாத ஒருத்தியைப் புரிந்துகொள்ள முயலும் பார்வை.

“இதைக் கேக்கத்தான் வந்தியா?”

“இல்லக்கா. சத்தியமா இல்ல.”

“அதான் எனக்கும் பயமா இருக்கு. கேக்க வராமலே கேட்டுட்டே பாரு.”

அவள் எழுந்து, டப்பாவை நாளை பள்ளிக்கு எடுத்துச்செல்லும் பையில் வைத்தாள். பிறகு, பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லும் அதே அமைதியான குரலில் சொன்னாள்.

“நாளைக்கு வகுப்புக்கு வா. நான் தப்பாச் சொன்னேன்னு நான் சொல்றேன். ரெண்டு வருஷமா உனக்குத் தெரியும்னு நீ சொல்லு. வரலைன்னா, அதையும் நானே சொல்லிக்கறேன்.”